குதிரை மந்தையில் உபத்திரவம் செய்யும் குதிரையும் அதை வழிப்படுத்தும் முறையும்

குதிரை கூட்டமாக வாழும் சுபாவமுடைய பிராணி. தனியே கட்டிவைத்த குதிரைக்கு எவ்வளவு நல்ல தீனி கொடுத்தாலும் அது நிம்மதியாக நிற்பதில்லை. ஆகையால், இரண்டு மூன்று குதிரைகளோ மட்டக்குதிரைகளோ வைத்திருக்கும் நிலச்சுவான்தார்கள் அவற்றை ஒன்றாக மேயவிடுவது நல்ல வழக்கமேயாகும். ஆனால், அவ்வாறு சேர்ந்து மேயும் குதிரைகளுள் ஒன்று மற்றவற்றைக் கடித்தும் உதைத்தும், தீனியருகில் வரவிடாமல் துரத்தியும் உபத்திரவம் செய்வதுண்டு.

அத்தகைய குதிரையைக் கண்டதும், “இது பிறவியிலேயே துஷ்டப் பிராணி” என்று முடிவு கட்டி அதை அடிப்பதும், காலைக் கட்டிப்போடுவதும், வந்த விலைக்கு விற்றுவிடுவதும் பலருடைய வழக்கம். ஆயினும், சற்றுப் பொறுமையுடன் கவனித்தால், பெரும்பாலான இடங்களில் இக்கெட்ட பழக்கம் தீனி வைக்கும் முறையிலிருந்தும், அடைக்கும் இடத்தின் அமைப்பிலிருந்தும், மறைந்திருக்கும் நோயிலிருந்துமே உண்டாகிறதென்பது விளங்கும். காரணத்தை நீக்காமல் குதிரையை மட்டும் விற்றுவிட்டால், அதற்கு அடுத்த நிலையிலுள்ள குதிரை சில வாரங்களில் அதே தொல்லையைத் தொடங்கிவிடும். ஆகவே, காரணங்களையும் அவற்றுக்கேற்ற பரிகாரங்களையும் இங்கே முறைப்படி எடுத்துரைக்கிறோம்.

இதனால் விளையும் நஷ்டம்

உபத்திரவத்துக்கு ஆளாகும் குதிரை முதலில் உடல் மெலிகிறது. அதற்கு வயிறு நிறையத் தீனி கிடைப்பதில்லை. தண்ணீர்த் தொட்டியையும் அது பயந்து பயந்தே அணுகுகிறது. போதிய தண்ணீர் குடியாமல் உலர்ந்த தட்டும் புல்லும் மட்டும் தின்னும் குதிரைக்குக் குடலில் மலம் இறுகி, கடுமையான வயிற்றுவலி உண்டாகும். குதிரையின் வயிற்றுவலி சில மணி நேரத்தில் உயிரைப் போக்கக் கூடியது என்பதை அதை வளர்த்தோர் அனைவரும் அறிவர்.

உதையினால் விளையும் நஷ்டம் இன்னும் கொடிது. காலின் நீண்ட எலும்பு முறிந்துவிட்டால், வளர்ந்த குதிரையைப் பிழைக்க வைப்பது மிகவும் அரிது. துரத்தப்படும் குதிரை முள்வேலியில் மோதிக் கண்ணை இழப்பதும், கிணற்றிலோ பள்ளத்திலோ விழுவதும் நேரக்கூடும். நடுவில் அகப்பட்ட வேலைக்காரருக்கும் குழந்தைகளுக்கும் நேரும் ஆபத்தைச் சொல்ல வேண்டுவதில்லை.

மந்தையின் இயற்கை ஒழுங்கு

மனிதர் தலையீடின்றித் திறந்த வெளிகளில் வாழும் குதிரைகள், ஒரு பொலிகுதிரையும் சில பெட்டைகளும் அவற்றின் குட்டிகளுமாகச் சிறு கூட்டங்களாக வாழ்கின்றன. ஒவ்வொரு கூட்டத்திலும் எது எதற்கு வழிவிட வேண்டும் என்ற ஒழுங்கு இருக்கிறது. இந்த மேலாண்மை உடற்பருமனை மட்டும் பொறுத்ததன்று. வயதில் மூத்ததும், கூட்டத்தில் நீண்ட நாள் இருப்பதுமான பெட்டையே பல சமயங்களில் பெரிய குதிரைகளை ஒதுங்கச் செய்கிறது. இவ்வொழுங்கு ஏணிப்படி போல நேராக அமைவதும் இல்லை. முதற்குதிரை இரண்டாவதையும், இரண்டாவது மூன்றாவதையும் அடக்க, அந்த மூன்றாவதே முதற்குதிரையை விரட்டுவதும் உண்டு.

ஒழுங்கு நிலைத்துவிட்ட மந்தையில் சண்டை மிகவும் குறைவு. மேல்நிலையிலுள்ள குதிரை காதுகளைப் பிடரியோடு ஒட்ட மடக்கும். கழுத்தை நீட்டித் தலையை வீசும். அதற்கும் அசையாவிட்டால் பின்புறத்தைத் திருப்பிப் பின்னங்காலை லேசாகத் தூக்கும். மற்றது இரண்டடி விலகியதும் காரியம் முடிந்துவிடும். இது குதிரைகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பாஷை. இதைக் கண்டு பயந்து ஓடிச்சென்று விலக்க வேண்டுவதில்லை. குட்டி ஈன்ற பெட்டை சில நாட்கள் வரை மற்றக் குதிரைகளை அருகில் வரவிடாமல் விரட்டுவதும் தாய்மைக்குரிய காவலேயாகும்.

மிரட்டலுக்கும் கொடுமைக்கும் உள்ள வேற்றுமை

கொடுமை செய்யும் குதிரையை மூன்று அடையாளங்களால் அறியலாம். முதலாவது, எதிர்க்குதிரை ஒதுங்கி ஓடிய பின்னும் விடாமல் தொடர்ந்து சென்று தாக்கும். இரண்டாவது, மூலையிலோ கொட்டகைக்குள்ளோ மடக்கித் தப்ப வழியின்றி உதைக்கும். மூன்றாவது, தான் தின்னாவிட்டாலும் தீனியையும் தண்ணீரையும் காவல் காத்து நிற்கும்.

உபத்திரவப்படும் குதிரையிடமும் அடையாளங்கள் உண்டு. அதன் பின்தட்டிலும் விலாவிலும் மயிர் பெயர்ந்த பற்குறிகள் காணப்படும். அது மற்றவற்றினின்றும் தூர நிற்கும். எல்லாம் தின்று முடித்த பிறகே மிச்சத்தைப் பொறுக்கும். ஒரே மேய்ச்சலில் மற்றவை தேறியிருக்க, அதன் விலாவெலும்புகள் மட்டும் தெரியும்.

பரிகாரம் தேடுமுன் மூன்று நாட்களேனும் தீனி வைக்கும் வேளையிலும், தண்ணீர் காட்டும் வேளையிலும், நடுப்பகலில் நிழலுக்கு ஒதுங்கும்போதும் தூரத்தில் நின்று கவனிக்க வேண்டும். எந்தக் குதிரை, எந்த இடத்தில், எந்த வேளையில், எதைத் துரத்துகிறது என்பதைக் குறித்துக்கொள்ளல் நலம். எவை இரண்டு ஒன்றையொன்று பிடரியடியில் பல்லால் மெல்லச் சொறிந்து கொடுக்கின்றன என்பதையும் பார்த்து வைக்க வேண்டும். அவை சிநேகிதக் குதிரைகள். பின்னால் மந்தையைப் பிரிக்கவோ சேர்க்கவோ நேரும்போது இக்குறிப்பு மிகவும் உதவும்.

நோயினால் உண்டாகும் மூர்க்கம்

நெடுநாள் சாதுவாக இருந்த குதிரை திடீரென்று மூர்க்கங்கொண்டால், அதை முதலில் நோயாளியாகவே கருத வேண்டும். கூர்மையாக வளர்ந்து கன்னத்தைக் கிழிக்கும் கடைவாய்ப்பல், சேணம் அழுத்திய முதுகுப்புண், குளம்புநோய், இரைப்பைப்புண் ஆகியவற்றால் ஓயாத வலியுள்ள குதிரை அருகில் வரும் எதையும் கடிக்கும். ஒரு கண் மங்கிய குதிரை, பார்வையற்ற பக்கத்தில் திடீரென்று வரும் துணையைக் கண்டு திடுக்கிட்டு உதைக்கும். பெட்டைக்குதிரை பொலிகுதிரையைப் போல நடந்துகொண்டு மற்றப் பெட்டைகளைத் துரத்தினால், சூற்பையில் கட்டி உண்டாகியிருக்கலாம். அதைக் கால்நடை வைத்தியர் சோதித்துச் சொல்ல முடியும்.

யாவற்றிலும் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வெறிநோய். வெறிநாய் கடித்த குதிரைக்குப் பல வாரங்கள் கழித்தும் இந்நோய் காணலாம். காரணமின்றி எதிர்ப்பட்டவற்றையெல்லாம் கடித்தல், தன் உடலையே கடித்துக்கொள்ளுதல், எச்சில் வடிதல், விழுங்க முடியாமை, பின்னங்கால்கள் தள்ளாடுதல் ஆகியவை இதன் குறிகள். சில குதிரைகள் மூர்க்கமின்றிச் சோர்ந்து நிற்பதும் உண்டு. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்றெண்ணி வாய்க்குள் கைவிடுதல் பேராபத்து. அத்தகைய குதிரையைத் தனியே ஒதுக்கி, மனிதரும் மற்றப் பிராணிகளும் நெருங்காதபடி செய்து, உடனே கால்நடை வைத்தியருக்குத் தெரிவிக்க வேண்டும். அது கடித்தவர்களும், அதன் எச்சில் தங்கள் புண்ணிலோ கண்ணிலோ வாயிலோ பட்டவர்களும் தாமதிக்கலாகாது. புண்ணைச் சோப்பும் ஓடுகின்ற தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். கண்ணிலோ வாயிலோ பட்டிருந்தால் சுத்தமான தண்ணீரை மட்டும் கொண்டு நெடுநேரம் கழுவ வேண்டும். பிறகு அன்றைக்கே ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நோய்க்குறிகள் தோன்றிய பின் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

தீனி வைக்கும் முறை

நோயில்லை என்று தெளிந்தபின் தீனியைக் கவனிக்க வேண்டும். மாட்டைப் போலக் குதிரை வயிறு நிறையத் தின்று படுத்து அசைபோடும் பிராணியன்று. அதன் இரைப்பை சிறியது. வளர்ந்த பெரிய குதிரைக்கும் அது 8 முதல் 15 லிட்டர் அளவே கொள்ளும். திறந்த மேய்ச்சலில் விட்டால் அது நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் சிறிது சிறிதாக மேய்ந்துகொண்டே இருக்கும். இரைப்பையில் புளிப்பு நீர் ஓயாமல் ஊறுகிறது. ஆதலால் பல மணி நேரம் தீனியின்றி நிற்கும் குதிரை வேதனைப்படுகிறது. அந்நிலையில் ஒரு கட்டுப் புல்லைக் கொண்டுவந்து நான்கு குதிரைகளுக்கு நடுவே போட்டால் சண்டை உண்டாவதில் வியப்பில்லை. அதில் ஜயிக்கும் குதிரை, துரத்தினால் தீனி கிடைக்கும் என்னும் பாடத்தை நாள்தோறும் கற்றுக்கொள்கிறது.

உலர்ந்த தீவனமாகக் கணக்கிட்டால், குதிரைக்கு அதன் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை தினந்தோறும் தேவை. 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு இது 4 முதல் 5 கிலோ வரை ஆகும். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீரே ஆதலால், பச்சையாகக் கொடுத்தால் 20 கிலோவுக்குக் குறையலாகாது. இதை ஒரே வேளையில் கொட்டாமல் நான்கைந்து வேளையாகப் பிரித்து வைப்பதும், இரவு நேரத்துக்கு நல்ல பங்கு ஒதுக்குவதும் நலம்.

வைக்கும் விதமும் முக்கியம். ஐந்து குதிரைகள் இருந்தால் தீனியை ஆறு குவியல்களாக வைக்க வேண்டும். குவியலுக்குக் குவியல் 20 அடி முதல் 30 அடி வரை இடைவெளி இருத்தல் அவசியம். எந்தக் குவியலும் மூலையிலோ சுவரோரத்திலோ இருக்கலாகாது. துஷ்டக் குதிரைக்கு முதற்குவியலைக் கொடுத்துவிட்டுப் பிறகு மற்றவற்றுக்கு வைத்தால், அது தின்பதில் ஈடுபட்டிருக்க, மற்றவை தத்தம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அது ஒரு குவியலைவிட்டு அடுத்ததற்குப் போனாலும், அங்கிருந்து விலகும் குதிரைக்கு ஆறாவது குவியல் காலியாக இருக்கும். ஒரு குவியல் அதிகமாக வைப்பதன் பயன் இதுவே.

கொள்ளு முதலிய தானியங்களை மந்தை நடுவே ஒருபோதும் வைக்கலாகாது. அவ்வேளையில் குதிரைகளைத் தூரந்தூரமாகக் கட்டியோ, வாயில் மாட்டும் கொள்ளுப்பையிலோ கொடுத்து, எல்லாம் தின்று முடித்த பிறகே அவிழ்த்துவிட வேண்டும். வேலையில்லாத நாட்களில் தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டுதல் நலம். வயிறு நிறையக் கொள்ளும் வேலையின்மையும் சேர்ந்தால் சாதுவான குதிரைக்கும் முரட்டுத்தனம் வரும்.

தண்ணீரும் இடமும்

சுமார் 500 கிலோ எடையுள்ள பெரிய குதிரை நாளொன்றுக்கு 25 முதல் 45 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். கோடையிலும், பால் கொடுக்கும் பெட்டைக்கும் இதைவிட அதிகம் வேண்டும். ஒரே தொட்டி இருந்தால் அதைக் காவல் காப்பது துஷ்டக் குதிரைக்கு எளிது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் காக்க முடியாத தூரத்தில் இரண்டாவது தொட்டி ஒன்று வைத்தால் அத்தொல்லை தீரும்.

மேய்ச்சல் அடைப்பில் கூர்மையான மூலைகள் ஆபத்தானவை. மூலைக்குக் குறுக்கே இரண்டு கம்புகளைக் கட்டி வளைவாக்கிவிட்டால், துரத்தப்படும் குதிரை நிற்காமல் சுற்றி ஓடிவிடும். கொட்டகைக்கு ஒரே வாசலிருந்தால் உள்ளே அகப்பட்டது தப்ப முடியாது. எதிரும் புதிருமாக இரண்டு அகன்ற வாசல்கள் வைக்க வேண்டும். நிழல் மரம் ஒன்றே இருக்குமாயின் அதற்கும் சச்சரவு உண்டாகும். வேறோரிடத்தில் ஓலைப்பந்தல் போடுவது செலவில்லாத பரிகாரம். முட்கம்பி வேலி குதிரைக்கு ஏற்றதன்று. கிளுவை முதலிய முள்வேலியுள்ள காடுகளில், உட்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முட்கிளைகளை அவ்வப்போது வெட்டிவிட வேண்டும். கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் இன்றியமையாதது. சேர்ந்து மேயும் குதிரைகளுக்குப் பின்னங்கால் லாடங்களைக் கழற்றிவிடுவதும் நல்லது. வெறுங்குளம்பின் உதையைவிட இரும்பின் உதை பன்மடங்கு கொடிது.

பொலிகுதிரைகளும் காயடித்தலும்

இனவிருத்திக்கு வேண்டாத ஆண்குதிரைகளைக் காயடித்துவிடுவதே சிறந்தது. ஒன்று அல்லது இரண்டு வயதில் கால்நடை வைத்தியரைக் கொண்டு, மயக்க மருந்து கொடுத்து இதைச் செய்விக்க வேண்டும். குதிரையை ரண ஜன்னி எளிதில் பற்றுமாதலால் அதற்குரிய ஊசியும் தவறலாகாது. காயடித்த பின் ஆறு வாரங்கள் வரை பெட்டைகளுடன் சேர்க்காமல் வைப்பது உசிதம். வயது முதிர்ந்தபின் காயடித்தால் பழகிப்போன முரட்டுத்தனம் உடனே மறையாது. காயடித்த குதிரைகளுள் ஏறக்குறைய நான்கில் ஒன்று பொலிகுதிரையின் நடத்தையை ஓரளவு வைத்துக்கொண்டே இருக்கும். காயடித்ததாகச் சொல்லி விற்கப்பட்ட குதிரை பெட்டைகளை ஓயாமல் துரத்தினால், ஒரு விதை வயிற்றுக்குள் தங்கியிருக்கிறதா என்று சோதிக்கச் செய்ய வேண்டும்.

புதிய குதிரையைச் சேர்க்கும் முறை

ஈரோடு ஜில்லா அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தை, குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் பெயர்பெற்றது. இத்தகைய சந்தைகளில் வாங்கிய குதிரையை வீடு வந்ததும் நேரே மந்தைக்குள் அவிழ்த்துவிடுவதே பல விபத்துகளுக்குக் காரணம். முதல் மூன்று வாரங்கள் அதைத் தனியே வைத்து, மூக்குச்சளி, தாடைக்கடியில் கட்டி, காய்ச்சல் முதலியன உண்டா என்று பார்க்க வேண்டும். அதன் தொட்டியும் பையும் தேய்க்கும் கருவிகளும் தனியாக இருத்தல் வேண்டும்.

பிறகு ஒரு வாரம் மற்றக் குதிரைகளின் கண்ணில் படும்படி உறுதியான வேலிக்கு அப்பால் விட வேண்டும். அடுத்து, மந்தையிலுள்ள சாதுவான குதிரை ஒன்றை அதனுடன் சேர்த்து நான்கைந்து நாட்கள் மேயவிட்டால் அவை சிநேகமாகும். அதன்பின் இரண்டையும் சேர்த்து, பகல் வேளையில், எல்லாக் குதிரைகளும் வயிறு நிறைந்திருக்கும்போது, உள்ளவற்றுள் விசாலமான வெளியில் மந்தையோடு கலக்கலாம். மந்தையில் அடிக்கடி குதிரைகளை மாற்றுவதும் ஆகாது. ஒவ்வொரு மாறுதலிலும் பழைய ஒழுங்கு குலைந்து சண்டை புதிதாகத் தொடங்கும்.

பிரித்து வைத்தல்

மேற்சொன்னவற்றைச் செய்தும் தொல்லை தீராவிட்டால், துன்பப்படும் குதிரையை விலக்காமல், துன்பம் செய்யும் குதிரையை விலக்க வேண்டும். அதை இரண்டு மூன்று வாரம் வேறிடத்தில், மற்றவற்றின் பார்வையில், தன்னை எதிர்த்து நிற்கக்கூடிய ஒரு துணையோடு வைக்கலாம். துணைக்குக் குதிரை கிடையாதாயின் பசுவோ கழுதையோ வேலிக்கு அப்பால் அருகில் இருந்தாலும் போதும். அடியோடு தனிமையில் அடைத்தால் முரட்டுத்தனம் வளருமேயன்றிக் குறையாது. அதற்குள் மந்தை தனக்கென வேறு ஒழுங்கை ஏற்படுத்திக்கொள்ளும். திரும்பச் சேர்க்கும்போது, அதைப் புதிய குதிரையாகவே பாவித்து முன்சொன்ன படிகளின்படி சேர்க்க வேண்டும். பெரும்பாலும் அதன் அதிகாரம் குறைந்திருக்கும்.

குட்டியிலேயே மந்தையை விட்டுப் பிரிந்து மனிதர் கையில் வளர்ந்த குதிரைகள் மற்றக் குதிரைகளின் பாஷையை அறியாமல் கொடுமை செய்வதுண்டு. அவற்றை வயது முதிர்ந்த, நிதானமான பெட்டையோடு விட்டால் அதுவே கண்டித்துக் கற்பிக்கும். எவ்விதத்திலும் திருந்தாத குதிரையை விற்க நேர்ந்தால், வாங்குவோரிடம் அதன் குணத்தை ஒளிக்காமல் சொல்லுதல் கடமை. அறியாதவன் வீட்டில் நேரும் விபத்து விற்றவன் மனத்தை விட்டு அகலாது.

செய்யத்தகாதவை

துரத்தும் குதிரையைத் தடியால் அடித்தால், மற்றக் குதிரை அருகில் வரும்போதெல்லாம் அடி விழுகிறது என்று எண்ணி அதன்மேல் மேலும் கோபங்கொள்ளும். மாட்டுக்குச் செய்வதுபோலக் கழுத்தில் கட்டை தொங்கவிடுவதும், கால்களைப் பிணைத்து மந்தையில் விடுவதும் கால்முறிவுக்கு வழி. பட்டினி போடுவது நோயை வளர்ப்பதற்கு ஒப்பாகும். சூடு போடுவதாலும் பயனில்லை. பிராணிகளை அடித்து வதைப்பதும், குறுகிய கயிற்றிலோ கனத்த சங்கிலியிலோ நெடுநேரம் கட்டிவைப்பதும் 1960-ஆம் வருஷத்திய பிராணிவதைத் தடைச் சட்டத்தின்படி குற்றமாகும்.

மந்தைக்குள் கொள்ளுக்கூடையுடன் நுழைவதும், இரண்டு குதிரைகளுக்கு நடுவே நிற்பதும், சண்டையைக் கையால் விலக்க முயல்வதும் கூடா. குதிரையைப் பின்புறமாக அணுகாமல், குரல் கொடுத்துக்கொண்டே தோள்பக்கமாக அணுக வேண்டும். தீனி வைக்கும் வேளையில் குழந்தைகளை அடைப்புக்குள் விடலாகாது.

கிராம அதிகாரிகளின் கவனத்துக்கு

1871-ஆம் வருஷத்திய கால்நடை அத்துமீறல் சட்டத்தில் ‘கால்நடை’ என்னும் சொல்லில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் அடங்கியுள்ளன. ஆகவே, பயிரில் புகுந்த குதிரையைப் பவுண்டில் அடைக்கும்போது, அதை மாடுகளோடும் பிற குதிரைகளோடும் கலக்காமல் தனியே கட்டி, தண்ணீரும் தீனியும் வைக்கச் செய்தல் வேண்டும்.

2009-ஆம் வருஷத்திய பிராணிகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தில் குறிக்கப்பட்ட நோய்களுள், குதிரைகளிடமிருந்து மனிதருக்கும் பரவும் கிளாண்டர்ஸ் என்னும் நோயும் வெறிநோயும் சேர்ந்தவை. இவற்றைப்பற்றிச் சந்தேகம் தோன்றினால் குதிரைக்குரியவர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவிக்க வேண்டும்; அவர்கள் அதைக் காலதாமதமின்றி அருகிலுள்ள கால்நடை வைத்தியருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும். “துஷ்டக் குதிரை” என்று ஊரார் முறையிடும் பிராணி ஒருவேளை நோயுற்ற பிராணியாக இருக்கலாம் என்பதை மனத்திற்கொண்டு விசாரிப்பது உத்தமம்.

இங்கே கூறிய பரிகாரங்களுள் பெரும்பாலானவற்றுக்குப் பொருட்செலவு சொற்பமே. ஒரு குவியல் அதிகம், ஒரு தொட்டி அதிகம், கொட்டகைக்கு ஒரு வாசல் அதிகம், மூன்று நாள் கவனிப்பு ஆகிய இவற்றை முதலில் செய்துபார்த்து, பத்து நாட்கள் கழித்து மெலிந்த குதிரையின் விலாவையும் பற்குறிகளையும் மறுபடி சோதித்தால் பலன் தெரியவரும். புதிய காயங்கள் தோன்றாமலும், அந்தக் குதிரை மற்றவற்றோடு சேர்ந்து நின்று தின்பதாகவும் காணப்பட்டால் மந்தை சீர்ப்பட்டுவிட்டதென்று கொள்ளலாம். அவ்வாறு காணப்படாவிடில், கால்நடை வைத்தியரின் யோசனையைப் பெற்றுப் பிரித்து வைக்கும் முறையைக் கையாள்வதே தக்கதாகும்.